முன்னரே ஒதுக்கிய இடம்

அறிவிப்பின்றி வாயிலில் வந்து நிற்கும் பழைய நண்பனுக்கு நாம் பட்டிருக்கும் கடன் யாது? விருந்தோம்பலை அறமாகப் போற்றும் நம் மரபில் இவ்வினாவே எழலாகாது என்று தோன்றும். எனினும் இரு கடமைகள் எதிரெதிரே நிற்கும்போது நெஞ்சம் தடுமாறும் என்பதை நம் வாழ்விலேயே கண்டோம்.

1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கோலார் தங்கவயலில் கால்வைத்த பின், வடஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் அங்குக் குடியேறினர். நாம் பிறந்தது மைசூர் மைன்ஸில், லைன் வீடொன்றில். சயனைடு மேட்டின் புழுதியிலே விளையாடி, ஷிப்டுச் சங்கொலி கேட்டுப் பொழுதறிந்து வளர்ந்தோம். 1974-இல் கல்லூரிப் படிப்பிற்காகச் சென்னை சென்றோம். முன்னோரின் நாட்டுக்கே மீண்டும், அங்கு நாம் அயலாரானோம். நம் பேச்சிற் கலந்திருந்த கன்னடச் சொற்களும் தெலுங்குச் சொற்களும் உடன்பயின்றோர்க்கு நகைப்பாயின. அச்சொற்களை மறைக்கக் கற்றோம். நாளடைவில் ஊரையும் மறைக்கக் கற்றோம்.

இறுதித் தேர்வுக்கு முந்திய நாள் மாலை, விடுதி வாயிலில் நம் இளமைக்கால நண்பன் நின்றான். பள்ளிப்படிப்பை முடிக்குமுன் தந்தையை இழந்து சுரங்கத்தில் இறங்கியவன். இரவு ஷிப்டு முடிந்ததும் உறங்காமல் மாரிக்குப்பத்தில் வண்டியேறி, பங்காருப்பேட்டையில் மாறி வந்திருந்தான். கையில் அவன் தாயார் கொடுத்தனுப்பிய எள்ளுருண்டைப் பொட்டலம். நாமோ வாயிலிலேயே நின்று, "நாளைக்குப் பரீட்சை" என்றோம்.

"நீ படி மச்சான், சும்மா பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்" என்றான். அரைமணி நேரத்தில் போய்விட்டான். அவனை அறைக்குள் அழைக்கவில்லை.

கல்வி நம் ஒருவருக்கு மட்டும் உரியதன்று, சுரங்கத்தில் வியர்வை சிந்திய குடும்பத்தின் நம்பிக்கை அது என்று அன்றிரவு தேறுதல் கூறிக்கொண்டோம். அது பொய்யன்று. ஆனால், அவனுடன் அமர்ந்து உண்டிருந்தால் தேர்வில் தோற்றிருப்போமா? இல்லை. அவனுடைய காய்த்த கைகளையும் தங்கவயல் பேச்சையும் பிற மாணவர் காண நாணினோம். அந்நாணத்தைத் தேர்வு என்னும் திரையால் மூடினோம். கடமைகள் முரண்பட்டது மெய்யன்று. உயர்ந்த கடமையின் பின்னே ஒரு சிறுமை ஒளிந்துகொண்டது என்பதே மெய். மனிதன் தன்னையே ஏமாற்றிக்கொள்ளத் தீமையைக் காட்டிலும் நன்மையே வாய்ப்பான கருவியாகின்றது.

வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன், தான் கண்டறியாத பிசிராந்தையாருக்குத் தன்னருகே இடம் ஒதுக்கச் சொன்னான் என்பதைப் புறநானூறு காட்டும். ஐயுற்றோர் வியக்கப் புலவர் வந்தார். பரிமேலழகரும் உணர்ச்சியொத்த நட்பிற்கு இவ்விருவரையே சான்றாக்கினார். புலவரின் வருகையை வியக்கும் நாம், மன்னன் செய்ததை எண்ணுவதில்லை. இடம் முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது! ஆகவே அவ்வருகை மன்னனுக்கு எதிர்பாராததன்று. நம் நண்பன் எதிர்பாராமல் வந்தான் என்றால், அவனுக்கு நம் உள்ளத்தில் இடமில்லாதிருந்தது என்பதே பொருள்.

தொலைவு நட்பை அழிப்பதில்லை, அதன் செயற்பாட்டையே தடுக்கிறது. பிரிவு நீளுமாயின் நட்பே மறந்துபோகும் என்றார் அரிஸ்டாட்டில். நமக்கோ இருநூறு கல் தொலைவும் சில ஆண்டுகளுமே போதுமாயிருந்தன.

சில ஆண்டுகளுக்குப் பின் அவன் நோயுற்று மறைந்தான். மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பை நாம் தேடவில்லை, காலமும் தரவில்லை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை நாடி நாள்தோறும் பெங்களூருக்கு வண்டியேறுவோர் ஒருபுறம், கடல் கடந்து சென்றோர் ஒருபுறம் எனத் தங்கவயல் மக்கள் சிதறினர். நம் பிள்ளைகளும் இன்று அயல்நாடுகளிற் பயில்கின்றனர். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: ஊரிலிருந்து ஒருவன் வந்து கதவைத் தட்டினால், நாளைய தேர்வைப் பிறகு சொல்லுங்கள், முதலில் உள்ளே அழையுங்கள். அவன் வருமுன்னரே அவனுக்கென ஓர் இருக்கை உங்கள் அறையில் இருக்கட்டும்.