கண்டும் காணாமல்

ஆங்கிலத்தில் 'டர்ன் எ பிளைண்ட் ஐ' என்பார்கள். நாம் 'கண்டும் காணாம இருக்கிறது' என்கிறோம். அகராதிக்கு இரண்டும் ஒன்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஆங்கிலத் தொடரோடு சேர்த்துச் சொல்லப்படுவது நெல்சனின் கதை. 1794இல் கோர்சிகா தீவின் கால்வி முற்றுகையில் அவருடைய வலது கண் பார்வை போயிற்று. 1801 ஏப்ரல் 2, கோபன்ஹேகன் கடற்போர். சண்டையை நிறுத்தச் சொல்லி, மேலதிகாரி ஹைட் பார்க்கர் கொடிச் சைகை காட்டுகிறார். நெல்சன் தொலைநோக்கியை அந்த வலது கண்ணில் வைத்து, சைகை எதுவும் தெரியவில்லை என்றாராம். போர் தொடர்ந்தது, ஜெயித்தும்விட்டார். கதை பின்னால் மெருகேற்றப்பட்டது என்பவர்களும் உண்டு.

என்னைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்ன விஷயம். தொலைநோக்கியை எந்தக் கண்ணில் வைக்கணும்னு அவருக்குத் தெரிந்திருக்கிறது! ஆங்கிலத் தொடரில் குருட்டுக் கண் மட்டும்தான் இருக்கிறது. தமிழில் 'கண்டும்' முதலில் வந்துவிடுகிறது. நம் தொடருக்குள்ளேயே சாட்சி உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. சரியாக 200 ஆண்டுகள் கழித்து, 2001இல், தீப்பிடித்த 'ஸ்டார் சீ' கப்பலின் காப்பீட்டு வழக்கு பிரிட்டனின் பிரபுக்கள் சபைக்கு வந்தது. அன்றைக்கு அதுதான் அங்கே உச்ச நீதிமன்றமும். நீதிபதி ஸ்காட் நெல்சனின் தொலைநோக்கியையே உதாரணம் காட்டினார். வெறும் அலட்சியம் போதாது. ஆனால் சந்தேகம் வந்தபிறகு, அது உறுதியாகிவிடுமே என்று வேண்டுமென்றே விசாரிக்காமல் விட்டால், அறிந்திருந்ததாகவே கொள்ளப்படும்.

அப்போ காணாமல் விடுவதெல்லாம் குற்றமா? இல்லை. டிக்கெட்டுக்கு இரண்டு ரூபாய் குறையும் பெரியவரை இறக்கிவிடாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும் கண்டக்டர் நல்ல மனுஷர். செக்கிங் வந்தால் மாட்டுவது அவர்தான். அண்ணியின் கன்னத்துக் காயத்தைப் பார்த்துவிட்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கும் குடும்பமும் அதே காரியத்தைத்தான் செய்கிறது. ஆனால் அங்கே விலை கொடுப்பவள் அண்ணி.

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதைத்தான்: நான் திரும்பிக்கொண்டால் யார் தலையில் விடியும்? நெல்சனையும் இந்தக் கேள்வி முழுசாக விட்டுவிடாது. தோற்றிருந்தால் அவர் விசாரணைக் கூண்டில் நின்றிருக்கலாம். ஆனால் அவருடைய மாலுமிகளையோ, எதிரே நின்ற டேனிஷ்காரர்களையோ யாரும் கேட்கவில்லை.

'எனக்கு எதுவும் தெரியாதுப்பா' என்று ஒருவர் சொல்லும்போது நாம் பொதுவாக அத்தோடு விட்டுவிடுகிறோம். இன்னொன்றும் கேட்கலாம்: தெரிஞ்சுக்க வேண்டாம்னு எப்போ முடிவு பண்ணீங்க?