ஊகத்துக்கு மருந்து

வியாதி இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுப்பது பாவமா? இப்படி நேராகக் கேட்டால் நம்மில் பெரும்பாலோர் ஆமாம் என்றுதான் சொல்வோம். ஆனால் ஆப்பிரிக்காவில், டான்ஸானியா நாட்டின் சிறிய ஆஸ்பத்திரி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அனலாய்க் கொதிக்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தாய் வந்து நிற்கிறாள். ரத்தம் பார்க்க ஓர் அறை உண்டு, மைக்ராஸ்கோப்பும் உண்டு. அன்றைக்கு மின்சாரம் இல்லை, அல்லது சாயம் தீர்ந்துவிட்டது, அல்லது பார்க்கத் தெரிந்தவர் வரவில்லை. மலேரியா மிகுந்த பூமி. டாக்டர் மலேரியா மருந்தை எழுதித் தருகிறார். அவரைப் பாவி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காத்திருந்தால் பிராணன் போய்விடக் கூடும். அந்த நேரத்தில் ஊகமே தர்மம். உலக சுகாதார ஸ்தாபனமும் வெகுகாலம் அப்படித்தான் சொல்லிவந்தது: மலேரியா மிகுந்த இடங்களில் சிறு குழந்தைக்குக் காய்ச்சலென்றால் மலேரியாவென்றே கொள்ளலாம் என்று.

ஆனால் ஊகத்தில் ஒரு கபடம் இருக்கிறது. பலித்தால் நன்றி சொல்ல வருகிறது. பொய்த்தால் திரும்பி வருவதில்லை. செத்துப்போன குழந்தையின் சீட்டிலும் 'மலேரியா' என்றே இருக்கும். அந்தச் சீட்டுகளைக் கூட்டித்தான் மலேரியாச் சாவுக்குக் கணக்கெடுப்பார்கள். அடுத்த டாக்டரின் ஊகத்துக்கு அந்தக் கணக்கே சாட்சி!

அந்நாட்டில் பத்து ஆஸ்பத்திரிகளில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2004-ல் வெளிவந்தது. கடும் மலேரியா என்று சிகிச்சை பெற்ற 4,474 பேரின் ரத்தத்தைக் கவனமாகச் சோதித்ததில், கிருமி இருந்தது 2,062 பேருக்குத்தான். பாதிகூட இல்லை. அவர்களில் இறந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேர். கிருமியே இல்லாத மற்றவர்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர்! அவர்களைக் கொன்ற வியாதிக்குப் பெயர் வைக்கக்கூட யாரும் இல்லை.

2010-ல் ஸ்தாபனம் விதியை மாற்றியது: சோதித்த பிறகே மருந்து. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு சிறு பட்டை, கால் மணி, இருபது நிமிஷம், போதும். ஆயினும் பட்டை 'இல்லை' என்ற பிறகும் பல இடங்களில் டாக்டர்கள் மலேரியா மருந்தையே கொடுத்தார்கள். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எது இல்லை என்று பட்டை சொல்லிற்று. எது இருக்கிறது என்று சொல்லவில்லையே! அதைச் சொல்ல ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சாதனம் வேண்டும், பழகிய கை வேண்டும், சில நாள் அவகாசம் வேண்டும். அதுவரை அந்தத் தாயை 'இல்லை' என்ற சொல்லோடு அனுப்புவதா? மாத்திரை வெறும் மருந்தல்ல. 'உன்னைக் கவனித்தேன்' என்று அவளுக்குச் சொல்லும் வார்த்தை. அந்த வார்த்தைதான் இங்கே பொய்யாகிறது.

டாக்டரோடு நிறுத்திவிடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இன்றியமையாத மருந்துகளின் ஜாபிதாவை உலக சுகாதார ஸ்தாபனம் முதன்முதலில் வெளியிட்டது 1977-ல். இன்றியமையாத சோதனைகளுக்கு ஒரு ஜாபிதா வந்தது 2018-ல். இடையே நாற்பத்தொரு வருஷம்! ஏழைக்கு மருந்து தரலாம், அவன் வியாதியின் பெயரைத் தர வேண்டியதில்லை என்று யாரும் தீர்மானம் போடவில்லை. தானம் செய்கிறவனுக்கு மருந்துப் பெட்டி கண்ணுக்குத் தெரிகிறது. சாயப் புட்டி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அந்த டாக்டர் சீட்டில் 'என்னவென்று தெரியவில்லை' என்று எழுதியிருந்தாலாவது, அடுத்த வருஷம் பட்ஜெட் போடுகிறவர்கள் கண்ணில் அது உறுத்தியிருக்கும்.