நாலாவது கை

கரண்ட் போனதும் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், சத்தங்கள் கூடிவிடும். ஒரு வீட்டிலும் டிவி ஓடாது, அதனால் நாலு காம்பரா தள்ளி யார் இருமுகிறார்கள், யார் வீட்டில் ரொட்டிக்குத் தேங்காய் திருவுகிறார்கள் என்பதெல்லாம் காதுக்கு வந்துவிடும். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லை. அடுத்து வந்த ஏப்ரல் லீவில் வெட்டு கொஞ்சம் குறைந்திருந்தாலும் அந்தி நேரம் பெரும்பாலும் இருட்டுத்தான். பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு, நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பிள்ளைகளின் அப்பா அட்டனில் பெட்ரோல் வரிசையில் ஆட்டோவுக்குள் படுத்துக் கிடந்தார். கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை செய்யும் தம்பி, கடை பாதி நாள் திறப்பதில்லை என்று ஊருக்கு வந்திருந்தான். போன்களில் சார்ஜ் இல்லை. மகளுக்கு அப்போது பதினொரு வயது, மகனுக்கு ஆறு.

எதையாவது விளையாடியே ஆக வேண்டிய நிலைமை.

நான் ஒரு டீச்சர். பிள்ளைகளுக்கு விளையாட்டு வாங்குவதில் கொஞ்சம் கர்வம் உண்டு. எழுத்துக்கட்டைகளை அடுக்கி இங்கிலீஷ் சொல் உண்டாக்கும் பெட்டி ஒன்றை அட்டனில் வாங்கி வைத்திருந்தேன். படிப்புக்கும் ஆச்சு, பொழுதுக்கும் ஆச்சு என்ற கணக்கு. முதல் நாள் குப்பி விளக்கைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்து விரித்தோம். மகள் ஜெயித்துக்கொண்டே இருந்தாள். மகன் கட்டைகளை வைத்து லயம் கட்டினான். அம்மா கொஞ்ச நேரம் மணைக்கட்டையில் உட்கார்ந்து பார்த்தார். "நல்லா வெளையாடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனார். அங்கே வேலை ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். சோறு இறக்கியாகிவிட்டது.

அம்மா மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தார், அதுவும் தமிழில். தோட்டப் பள்ளிக்கூடங்களைத் தோட்ட நிர்வாகமே நடத்திய காலம் அது. தங்கச்சி பிறந்ததும் அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். இதெல்லாம் தெரிந்திருந்தும் பெட்டியை வாங்கும்போது அம்மா என் நினைவுக்கு வரவில்லை. பெட்டியின் மேல் 'எட்டு வயதுக்கு மேல்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, மகளுக்குச் சரி என்று மட்டும் நினைத்தேன். முப்பத்தைந்து வருஷம் விடியுமுன் எழுந்து மலைக்குப் போன அறுபது வயதுக்காரிக்குச் சரிவருமா என்று எந்தப் பெட்டியிலும் எழுதியிருப்பதில்லை.

அடுத்த நாள் தம்பி கரித்துண்டால் வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் ஆடு புலி ஆட்டம் வரைந்தான். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டி ஆட்டை வெட்டும். ஆட்டுக்கு வெட்டத் தெரியாது, கூட்டமாக நின்று புலியை நகரவிடாமல் அடைக்க மட்டும்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே பலத்தோடு தொடங்காத விளையாட்டு என்பதால் சின்னவனுக்குப் புலியைக் கொடுத்து நாம் ஆட்டை எடுத்துக்கொண்டால், வேண்டுமென்று தோற்காமலே அவனுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. எனக்கு அது பிடித்திருந்தது. ஆனால் இரண்டு பேர் ஆடினால் மூன்று பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். அம்மா வழக்கம்போல வேடிக்கை பார்க்கும் பக்கம்.

யோசித்துப் பார்த்தால், நான் பார்த்த எல்லா விளையாட்டிலும் அம்மா அந்தப் பக்கம்தான் இருந்திருக்கிறார். ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பையன்கள் கிரிக்கெட் அடிப்பார்கள், அம்மா கொழுந்துக் கூடையோடு ஓரமாக நடந்து போவார். வாசிகசாலையில் கேரம் போர்ட் இருந்தது. அதைச் சுற்றி நின்ற கூட்டத்தில் ஒரு பாவாடையைக்கூட நான் பார்த்ததில்லை. ஏப்ரல் 14இல் புத்தாண்டு விளையாட்டு வைப்பார்கள். வழுக்கு மரம், முட்டி உடைத்தல், கண்ணைக் கட்டிக்கொண்டு யானைக்குக் கண் வைத்தல். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார், அதோடு சரி. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் நுவரெலியா. ஏப்ரல் வந்தால் குதிரைப் பந்தயம், மோட்டார் பந்தயம், மலர்க் கண்காட்சி, கிரகரி வாவியில் படகு என்று கொழும்பிலிருந்து குடும்பம் குடும்பமாக விளையாட வருகிற ஊர். 1889இலேயே அங்கே துரைமார் கோல்ப் கிளப் தொடங்கிவிட்டார்கள். மற்றவர்கள் விளையாட வரும் மலையில்தான் நாங்கள் வேலை செய்கிறோம். இதைக் குறையாகச் சொல்லத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும்.

மூன்றாம் நாள், அம்மா புளி கரைத்துக்கொண்டிருந்தபோது, மகன் கொட்டைகளைப் பொறுக்கி வரிசை கட்டினான். எங்கள் பக்கம் புளியமரம் கிடையாது. கீழ்நாட்டுப் புளி கடையில் கொட்டையோடு வரும். அம்மா ஒரு கொட்டையை எடுத்து, படியின் சிமெந்தில் பரபரவென்று தேய்த்தார். கறுப்புத் தோல் போய் ஒரு பக்கம் வெள்ளையாகத் தட்டையாக வந்தது. பேசாமல் இன்னொன்று. நாலு கொட்டை ஆனதும் உள்ளங்கையில் குலுக்கிப் போட்டார். ஒன்று வெள்ளை, மூன்று கறுப்பு.

"தாயம்" என்றார்.

அம்மாவுக்குத் தாயம் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கேட்டேன். "அக்காவும் நானும் போடுவோம். அது போனப்பறம் யார்கூடப் போட?" பெரியம்மாவின் குடும்பம், தோட்டத்து ஆட்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் பிரித்த 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பதிவானது. அட்டனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, கடைசியில் கூடலூர்ப் பக்கம் இன்னொரு தேயிலைத் தோட்டம். பெரியம்மா கப்பல் ஏறியபோது அம்மாவுக்குப் பதினைந்து வயது.

தாயத்தில் பெரும்பகுதி அதிர்ஷ்டம். ஆறு வயதுக்காரனின் கொட்டையும் அம்மாயியின் கொட்டையும் ஒரே மாதிரித்தான் விழும். எந்தக் காயை நகர்த்துவது என்பதில் மட்டும் கொஞ்சம் மூளை வேண்டும். பெருக்கல் குறி போட்ட கட்டத்துக்கு மலை என்று பெயர், அங்கே நிற்கும் காயை வெட்ட முடியாது. "மலையில நிக்கிறவங்கள யாரும் வெட்ட மாட்டாங்கன்னு எந்த மகராசன் சொன்னது?" என்று அம்மா கேட்டார், அட்டைக்கடி வாங்கிய காலைத் தடவிக்கொண்டே.

அதைவிட முக்கியமானது ஒன்றை அன்றைக்குத்தான் கவனித்தேன். தாயம் பொறுத்திருக்கும். அம்மா நடுவில் எழுந்து அடுப்பில் மிலாறு விறகைத் தள்ளிவிட்டு வரலாம், நான் பாலைக் காய்ச்சிவிட்டு வரலாம். காய் நின்ற கட்டத்திலேயே நிற்கும். "எனக்கும் சேத்து நீ போடு ராசா" என்று அடுப்படியிலிருந்தே சொல்லலாம். வீட்டில் பெண்கள் எந்த விளையாட்டிலும் சேராதது ஏன் என்று கேட்பவர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம். எழுந்து போய்விட்டு வந்தால் தன் இடம் அப்படியே இருக்கும் விளையாட்டு எத்தனை இருக்கிறது? பக்கத்துக் கிராமத்திலிருந்து பலாக்காய் கொண்டுவரும் சிங்களத்து அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, தாங்கள் புத்தாண்டுக்குச் சோழியைச் சிரட்டையில் குலுக்கி ஆடும் பஞ்ச மாதிரி இருக்கிறதே என்றார். அதுவும் பெண்கள் கூடி ஆடுவதுதான்.

மகனின் காய் நடுக்கட்டம் சேர்ந்து பழமாக இரண்டு கட்டம் இருக்கும்போது அம்மா வெட்டினார். அவன் வீறிட்டு அழுதான். நான் அம்மாவின் காதருகில், "கொஞ்சம் விட்டுக் குடுங்கம்மா, சின்னப் பிள்ளைதானே" என்றேன். பயிற்சிக் கலாசாலையில் நான் கற்றது அது.

"விட்டுக் குடுத்தா அவனுக்குத் தெரியாதா?" என்றார் அம்மா. பிறகு அவனிடம், "அழு. அழுது முடிச்சிட்டு வந்து போடு."

அவன் இஸ்தோப்புத் தூணைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதான். யாரும் கூப்பிடவில்லை. அவனுடைய கொட்டையை யாரும் போடவுமில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து போட்டான். விட்டுக்கொடுப்பது பற்றி எனக்கு இன்னும் ஒரு முடிவு இல்லை. ஆனால் அழுபவனுக்காக ஆட்டத்தை நிறுத்தி வைத்துக் காத்திருந்தது நல்ல காரியம் என்று நினைக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு அதற்கு நேரம் இருப்பதில்லை.

ஒரு வாரம் தாயம் போட்டோம். மகளுக்குச் சலிப்புத் தட்டியது. அதிர்ஷ்டத்தில் ஜெயிப்பது பதினொரு வயதுக்குப் பிறகு இனிப்பதில்லை. அப்போதுதான் தம்பி தன் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுத்தான்.

"அந்தச் சனியன என் வாசப்படி தாண்டிக் கொண்டாராத" என்றார் அம்மா.

காரணம் இருந்தது. பத்தாந் தேதி சம்பளம். அன்று அந்தியில் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பின்னால் சாக்கு விரித்துச் சீட்டு நடக்கும். அப்பாவைக் கூப்பிட்டு வர என்னைத்தான் அனுப்புவார்கள். நான் போய் நிற்பேன். அப்பா சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "இந்தா வந்துட்டேன், போ" என்பார். அவர் வந்து சேரும்போது கடைக் கடனுக்கு வைத்திருந்த காசில் பாதி இருக்காது. அப்பா செத்துப் பன்னிரண்டு வருஷமாகியும் வீட்டுக்குள் ஒரு சீட்டு வந்ததில்லை.

தம்பி வாதாடவில்லை. இஸ்தோப்பில், படியை ஒட்டி, அதாவது வாசப்படிக்கு வெளியே உட்கார்ந்து மகளுக்கு முன்னூற்று நாலு சொல்லிக் கொடுத்தான். இலங்கையில் சீட்டுப் பிடித்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆட்டம். ஒரு கட்டில் 32 சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். ராஜாவும் ராணியும் இதில் சும்மா. ஜாக்குத்தான் பெரியவன், 30 புள்ளி. அடுத்தது ஒன்பது, அதற்கு 20. ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. கரையோரத்தை ஆண்ட டச்சுக்காரர்களின் சீட்டாட்டத்திலும் ஜாக்கும் ஒன்பதும் இப்படித் தலைதூக்குவது உண்டு. கேரளத்தில் இதே குடும்பத்து ஆட்டத்தை 28 என்பார்கள். ராஜாவைவிடச் சேவகன் பெரியவனாக இருக்கும் ஆட்டம் எங்கள் ஆட்களுக்கு ஏன் பிடித்தது என்று ஆராய்ச்சி தேவையில்லை.

ஆனால் அதற்கு நாலு கை வேண்டும். எதிரெதிரே இருக்கும் இரண்டு பேர் ஒரு கட்சி. தம்பி, மகள், நான். மூன்று கைதான். நாலாவது கை இல்லாமல் தம்பி சீட்டைப் போடுவான், பிறகு அலுத்துப்போய் அள்ளுவான். அம்மா உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். இரண்டு நாள். மூன்றாம் நாள் அந்தி, மகள் ஒரு கையைத் தப்பாக எண்ணி 58 என்றபோது, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அறுபத்தொண்ணு. ராசாவ விட்டுட்ட."

நாங்கள் திரும்பிப் பார்த்தோம். அம்மா முகம் கொடுக்கவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. முப்பத்தைந்து வருஷம் மடுவத்தில் தராசு முன்னால் நின்று, கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கணக்கப்பிள்ளை கழிப்பதை மனசுக்குள் சரிபார்த்து, மாசக் கடைசியில் துண்டில் ஒரு கிலோ குறைந்தாலும் கண்டுபிடித்தவர். எழுதிப் பழகாதவரின் கணக்கு முழுவதும் தலைக்குள்தான் இருக்க வேண்டும். சீட்டாட்டத்துக்கு வேண்டியதும் அதுதான்: எந்த ஜாக் போய்விட்டது, எந்த ஒன்பது இன்னும் வெளியே இருக்கிறது.

"காசு வெக்கிறதில்லம்மா" என்றான் தம்பி.

"வெச்சா மட்டக்கம்பாலதான் அடி."

வந்து உட்கார்ந்தார், வாசப்படி மேல். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. மகள் அம்மாயி கட்சி, நானும் தம்பியும் எதிர்க்கட்சி. முதல் நாள் சீட்டை விசிறி மாதிரிப் பிடிக்க வரவில்லை. கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்களிலிருந்து சீட்டு வழுக்கிப் போனது. இரண்டாம் நாள் ஏலத்தில் நூற்று அறுபதுக்குத் துணிந்தார். தோற்றால், "இன்னிக்கு அரைப் பேருதான்" என்று சொல்வார், பாதி நாள் சம்பளம் போட்ட மாதிரி. சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்து வருவார். யாரும் தொடக் கூடாது.

பாக்கி இருந்தது சின்னவன். ஐந்தாவது கைக்கு இதில் இடம் இல்லை. அவனுக்கு ஒரு வேலை கொடுத்தோம். ஏலம் எடுத்தவர் தன் துரும்புச் சீட்டைக் கவிழ்த்து வைக்க வேண்டும். அது எந்தச் சாதி என்று வெட்டித் திறக்கும் வரை மற்றவர்களுக்குத் தெரியாது. அந்தச் சீட்டுக்கு அவன் காவல். ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம், வாயைத் திறக்கக் கூடாது. அதை முழங்காலுக்குக் கீழே வைத்து, இரண்டு கையாலும் முழங்காலைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

லீவு முடிய இரண்டு நாள் இருந்தது. வெளியே மழை, தகரத்தில் சத்தம். தம்பி இருநூறுக்கு ஏலம் எடுத்து, துரும்பை மருமகனிடம் கொடுத்தான். அவன் பார்த்தான், உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். அம்மா தன் கையிலிருந்த எட்டுச் சீட்டைப் பார்க்கவில்லை. விளக்கைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னா ராசா," என்றார் மெதுவாக, "செவப்பா, கறுப்பா?"

"அம்மாயி, அது கள்ளாட்டம்!" என்று மகள் தன் கட்சிக்காரியையே அதட்டினாள்.

அவன் கன்னத்தைக் காற்றால் நிரப்பிக்கொண்டு, சிரிப்பு வந்துவிடாமல் கூரையைப் பார்த்தான்.