எண்ணும் வாய்மையும்

2011ஆம் ஆண்டில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பாளர் நம் வாயிலில் வந்து நின்றபோது, வயது, கல்வி, தொழில், தாய்மொழி, சமயம் என அவர் வினவியவற்றுக்கெல்லாம் தயங்காது விடையளித்தோம். அண்டை வீட்டார்க்கும் சொல்லாதவற்றை முன்பின் அறியாத ஒருவரிடம் சொல்லியது எந்த நம்பிக்கையில்? 1948ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, அவ்வேடுகளைப் பிறர் பார்வையிடத் தடை விதித்துள்ளது. பெயர் வெளிவராது என்பதே அதன் பொருள். ஆனால் பெயரை மறைத்த அளவில் மனிதன் மறைந்துவிடுவானா என்னும் வினா எஞ்சி நிற்கிறது. அமெரிக்க நாடு இவ்வினாவோடு நெடுங்காலம் போராடியுள்ளதாதலின், அங்கு நிகழ்ந்தவற்றை முதற்கண் நோக்குவோம்.

1942இல், போரைக் காரணம் காட்டி, அந்நாட்டின் மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த ஜப்பானிய மரபினரை அவ்வரசு வெளியேற்றத் தொடங்கியது. ஏறத்தாழ 1,20,000 பேர் முகாம்களில் அடைபட்டனர். அவர்களுள் மூன்றில் இரு பங்கினர் அந்நாட்டுக் குடிமக்களே. எந்தத் தெருத்தொகுதியில் அம்மரபினர் எத்தனை பேர் என்னும் அட்டவணைகளைப் படைத்துறைக்கு அளித்தது கணக்கெடுப்பு அலுவலகம். அவ்வட்டவணைகளில் ஒரு பெயரும் இல்லை. எண்கள் மட்டுமே இருந்தன. அவ்வெண்களே வீட்டுக்கு வழிகாட்டப் போதுமானவையாயின. 2000ஆம் ஆண்டில் அவ்வலுவலகத்தின் இயக்குநர் கென்னத் பிரூவிட் இதற்காக மன்னிப்புக் கோரினார். 1943இல் வாஷிங்டன் பகுதியில் வாழ்ந்த சிலரின் பெயர்களே கொடுக்கப்பட்டிருந்தன என்பது 2007இல் ஆய்வாளரால் வெளிப்பட்டது. போர்க்காலச் சட்டம் அதற்கு வழி திறந்து வைத்திருந்தது. சட்டம் தந்த உறுதியைச் சட்டமே நெகிழ்த்தக் கூடும் என்பதை நாம் மறத்தலாகாது.

இக்காலத்திலோ கணிப்பொறியின் ஆற்றல் வேறொரு கதவைத் திறந்துவிட்டது. 2010ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்நாட்டு மக்கள் 30.87 கோடி. வெளியான அட்டவணைகளை மட்டும் கொண்டு, ஒவ்வொருவருடைய வயது, பால், இனம், இருப்பிடம் ஆகியவற்றை மீட்டெடுக்க இயலுமா என்று அவ்வலுவலகத்தாரே பின்னர்ச் சோதித்தனர். நூற்றுக்கு 46 பேரின் விவரம் பிழையின்றிப் பொருந்தியது. வணிகர்கள் விற்கும் பெயர்ப்பட்டியல்களோடு ஒப்பிட்டபோது, நூற்றுக்கு 17 பேரை, அதாவது 5 கோடிக்கு மேற்பட்டோரைப் பெயரோடு சரியாக இனங்காண முடிந்தது. ஊகத்தினாலும் இதில் பெரும்பகுதியை எட்டிவிடலாமே, இதற்கு ஏன் இத்துணை அச்சம் என வாதிட்ட மக்கள்தொகை அறிஞரும் உளர்.

ஆதலின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் புதிய முறையொன்று கையாளப்பட்டது. மாநிலங்களின் மொத்த மக்கள்தொகை உள்ளவாறே வெளியிடப்பட்டது. அதனினும் சிறிய பகுதிகளின் எண்களிலோ, கணித விதியின்படி, சில கூட்டியும் சில குறைத்தும் கலக்கப்பட்டன. விளைவாக, வீடே இல்லாத சில தெருத்தொகுதிகளில் மக்களும், பெரியவர் ஒருவரும் இல்லாத சிலவற்றில் சிறுவரும் வாழ்வதாக அட்டவணை காட்டிற்று! 2021இல் அலபாமா மாநிலம் இதனை எதிர்த்து வழக்காடியது, பயன் விளையவில்லை.

அறிந்தே எண்ணை மாற்றி வெளியிடுதல் பொய்யாகாதா? சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தைப் பயின்றவர்க்கு இவ்வினா புதிதன்று. பிறர்க்குக் கேடு சூழுமாயின் மெய்யையும் உரையாது விடுதல் இல்லறத்தாரின் வாய்மை விரதத்துள் அடங்கும். ஆயின் அங்கே கூறப்படுவது பேசாதிருத்தல். மாற்றிப் பேசுதல் அன்று. அட்டவணையை வெளியிடாது விடுவதே பேசாதிருத்தலுக்கு ஒப்பாகும். அவ்வாறு விட்டால் பள்ளியும் சாலையும் மருந்தகமும் எங்கு வேண்டும் என்பதை அறியும் வழியும் அடைபட்டுப் போம்.

களத்துமேட்டில் நெற்குவியலை நோக்கி, ‘ஏறக்குறைய நூறு மூட்டை தேறும்’ என்கிறார் உழவர். அளந்தபின் தொண்ணூற்றெட்டு ஆயின் அவரைப் பொய்யர் என்பார் இலர். ‘ஏறக்குறைய’ என்ற சொல் அவரைக் காக்கிறது. 2020ஆம் ஆண்டு முறையில், எண்கள் மாற்றப்பட்டன என்பதும், எந்த விதியால், எவ்வளவு என்பதும் எவரும் காண வெளியிடப்பட்டன. 2010இலோ சில குடும்பங்களின் விவரங்கள் இடம் மாற்றி வைக்கப்பட்டன. எத்தனை குடும்பங்கள் என்பது மறைக்கப்பட்டது. இவ்விரண்டனுள் வாய்மைக்கு அணித்தானது முன்னையதே என்பது நம் துணிபு.

அவ்வாறாயினும் மனம் முழுதும் அமைதி கொள்ளவில்லை. ஐம்பதாயிரம் பேர் வாழும் நகரில் பத்துப் பேர் கூடினும் குறையினும் எவர்க்கும் தீங்கில்லை. நாற்பது பேரே வாழும் சிற்றூரில் பத்து என்பது கால் பங்கு. அமெரிக்கப் பழங்குடி மக்களின் அமைப்புகள் எழுப்பிய கவலையும் இதுவே. எளிதில் அடையாளம் காணப்படுவோர் சிறுதொகையினர். காவல் வேண்டுவோர் அவர்களே. அக்காவலுக்கு விலையாகத் தம் எண்ணிக்கையின் நேர்மையை இழப்போரும் அவர்களே.

இச்சுமை நமக்கு அயலானதன்று. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி பாரதத்தில் சமணர் 44,51,753 பேர். தமிழகத்தில் 89,265 பேர். குஜராத், இராஜஸ்தான் முதலிய பகுதிகளிலிருந்து வந்து குடியேறியோரும் இத்தொகையில் அடங்குவர்; தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம்மவர் எத்தனை பேர் என்பதை இவ்வொரு தொகை காட்டாது. 2014 ஜனவரியில் சமணர் தேசிய அளவில் சிறுபான்மையினராக அறிவிக்கப்பட்டபின், கல்வி உதவித்தொகை முதலியவற்றின் பொருட்டு நம் தொகையைக் காட்டவேண்டிய தேவை மிகுந்துள்ளது. வந்தவாசி, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் ஓரிரு சமணக் குடும்பங்களே எஞ்சிய ஊர்களும் உள்ளன. அத்தகைய ஊரில் ‘சமணர்: 3’ என அச்சிட்டால், அம்மூவர் யார் என்பதை ஊரார் அறிவர், அவர்தம் வயதும் கல்வியும் வேலையின்மையும் அதே வரிசையில் தொடருமாயின், அது கணக்காகுமா, காட்டிக்கொடுத்தலாகுமா? வட்ட அளவில் திருத்தமான எண்ணைக் கேட்போம். ஊர் அளவில் அது கலங்கியிருப்பினும் பொறுப்போம் என்பதே நம் நிலை. இதனை ஏற்காத அன்பர்களும் இருப்பர். தம் ஊரில் சமணர் வாழ்ந்தமைக்கு அவ்வொரு வரியே சான்றாக நிற்கும் என்பர் அவர்கள். அவ்வாதத்தை நாம் எளிதாகத் தள்ளவில்லை.

2027ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியாயிற்று. சாதியும் அதில் எண்ணப்படும் என்று அரசு அறிவித்தது. அவ்விவரங்கள் எந்த எல்லை வரை அச்சேறும், சிறு எண்கள் எவ்வாறு காக்கப்படும், காக்கும் முறை வெளிப்படையாகக் கூறப்படுமா என்பவற்றை வாயிலில் நிற்கும் கணக்கெடுப்பாளரிடம் கேட்டுப் பயனில்லை. அவர் பெரும்பாலும் ஒரு பள்ளியாசிரியர். வெயிலில் அலைந்து வந்தவர். அவருக்குத் தண்ணீர் தந்து, கேட்டவற்றுக்கு உள்ளவாறு விடை கூறுவோம். நம் வினாக்களைச் சங்கங்களின் வழியே எழுத்தில் வரைந்து கணக்கெடுப்பு ஆணையருக்கு அனுப்புவோம்.