கை மட்டும் தெரிந்தது

சின்ன வயதில் நீங்கள் எந்த ஹீரோவாக ஆசைப்பட்டீர்கள்? சும்மா சொல்லுங்கள், யாரும் சிரிக்கமாட்டார்கள்.

நான் இரும்புக்கை மாயாவி கட்சி. 1972-ல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் ஆரம்பித்தபோது முதல் இதழிலேயே வந்தவர் அவர்தான். பல கை மாறி எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிரதியில் அட்டை இல்லை, கடைசிப் பக்கமும் இல்லை. இல்லாவிட்டால் என்ன? மாயாவி ஜெயிப்பார், திருடன் மாட்டுவான். தெரிந்த முடிவுதானே!

மாயாவியின் விசேஷம் உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்தியிருப்பார்கள். உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் அப்படியே மறைந்துவிடுவார். அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அதைப் படித்துவிட்டு வீட்டு ப்ளக் பாயின்ட்டை ஏக்கத்தோடு பார்த்துக்கொண்டிருந்த பையன்களில் நானும் ஒருவன். நல்லவேளை, அம்மா அடிக்கடி சமையலறையிலிருந்து எட்டிப் பார்ப்பாள்.

பெரியவனான பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. 1962-ல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ பத்திரிகையில் அந்தத் தொடர் தொடங்கியபோது மாயாவி ஹீரோவே இல்லை! ‘இனி யார் கண்ணுக்கும் தெரியமாட்டோம்’ என்று ஆனதும் அந்த மனிதர் இறங்கியது குற்றத்தில். திருந்தியது, உளவாளியானது எல்லாம் அப்புறம்.

இந்தப் பழைய கதை இப்போது ஏன் என்றால், போன மாதம் ஒரு வியாழக்கிழமை அய்யலூர் சந்தையில் அந்த மாயாவியை நான் நேரில் பார்த்தேன்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் முறைக்கு ஒரு கிடாய் வாங்கவேண்டும். திண்டுக்கல் பக்கத்துக்காரர்களுக்கு ஆடு, கோழி என்றால் அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைதான். விடியற்காலை பஸ்ஸில் கிளம்பினேன். கூடவே அக்கா மகன் தொற்றிக்கொண்டான். எட்டு வயது. மார்பில் வௌவால் படம் போட்ட கறுப்பு டி-ஷர்ட்.

வடமதுரை தாண்டுவதற்குள் திட்டம் தயார். “மாமா, நான்தான் பேட்மேன். நீங்க ராபின். சந்தையில திருடன் வந்தா நான் பிடிப்பேன், நீங்க கயிறு குடுக்கணும்.”

“சரிங்க பாஸ்” என்றேன். ஆட்டுக்கு வாங்கிய கயிறு எப்படியும் கையில் இருக்கப்போகிறது.

சந்தையில் வெள்ளாடு, செம்மறி, கட்டுச்சேவல் என்று ஒரே சத்தம். தரகர் ஒருவர் என்னைப் பார்த்ததுமே டவுன்காரன் என்று முடிவுகட்டி விலையை ஏற்றிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்தக் கூச்சல். “புடி, புடி... குட்டியத் தூக்கிட்டு ஓடுறான்!”

இருபது வயதிருக்கும். ஒல்லியான பையன். கக்கத்தில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. பத்தடிகூட ஓடவில்லை, பிடித்துவிட்டார்கள். குட்டி துள்ளி இறங்கிக்கொண்டது. பிரச்னை அங்கேயே முடிந்திருக்கவேண்டும். ஆனால், அப்போதுதான் ஆரம்பித்தது. முதல் அடியை யார் கொடுத்தது என்று தெரியவில்லை. இரண்டாவது, மூன்றாவது, பிறகு எண்ணமுடியாத அளவுக்கு...

நான் என்ன செய்தேன்? இங்கேதான் உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லவேண்டும்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் பஸ்ஸில் என் செல்போன் பறிபோயிருந்தது. அந்த எரிச்சல் எங்கேயோ உள்ளுக்குள் கிடந்திருக்கவேண்டும். பையனை ஓரமாக நிறுத்திவிட்டு, ‘என்னதான் நடக்கிறது பார்ப்போம்’ என்று கூட்டத்துக்குள் தலையை நீட்டினேன். தலைக்குப் பின்னாலேயே கையும் போயிற்று. ஓங்கி ஒரு அடி. குனிந்திருந்த அவன் முதுகில். அவன் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

நிறுத்தியது ஆட்டுக்காரப் பாட்டி. குட்டியை மடியில் இறுக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து, “ஏப்பா, எங்குட்டி கெடச்சுருச்சுல்ல... அப்புறம் எதுக்கு ஆளாளுக்கு அடிக்கிறீக? போலீஸக் கூப்புடுங்கப்பா” என்று கத்தினாள். அடித்தவர்களுக்குத் திடீரென்று ஆளுக்கொரு வேலை ஞாபகம் வந்துவிட்டது. எனக்கும்தான்.

டீக்கடையில் உட்கார்ந்தோம். பையன் பன்னைத் தொடவில்லை.

“மாமா, நீங்களும் அடிச்சீங்கல்ல?”

“இல்லடா, நான் சும்மா எட்டிப் பார்த்தேன்.”

“உங்க மூஞ்சி தெரியல மாமா. கை மட்டும் தெரிஞ்சுச்சு. உங்க வாட்ச்சு.”

நாற்பது வருடம் கழித்து, ப்ளக்கில் விரலை விடாமலேயே நான் இரும்புக்கை மாயாவி ஆகியிருந்தேன்.

யோசித்துப் பாருங்கள். திருடனும் முகமூடி போடுகிறான், திருடனைப் பிடிக்கிற பேட்மேனும் முகமூடி போடுகிறார். துணி ஒன்றுதான். அதற்குள் இருக்கும்போது என்ன செய்யத் தோன்றுகிறது என்பதில்தான் வித்தியாசம். சிலருக்கு, பேர் வாங்காமலே உதவி செய்யத் தோன்றுகிறது. சிலருக்கு, மாட்டிக்கொள்ளாமலே அடிக்கத் தோன்றுகிறது. கூட்டம் என்பது இலவசமாகக் கிடைக்கிற முகமூடி. உள்ளே நுழைந்தால் பேர், படிப்பு, உத்தியோகம், வீட்டு விலாசம் எல்லாம் மறைந்துவிடும். கை மட்டும் மிஞ்சும்.

அந்தக் கை எதுவரை போகும்? 2018 பிப்ரவரியில் கேரளாவின் அட்டப்பாடியில், அரிசி திருடியதாகச் சொல்லி ஒரு பழங்குடி இளைஞரைப் பிடித்து, கையைக் கட்டி, செல்ஃபி எடுத்துக்கொண்டு அடித்தார்கள். அவர் இறந்துபோனார். 2023-ல் மன்னார்க்காடு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 13 பேருக்கு 7 ஆண்டு கடுங்காவல். இவர்கள் எல்லோரும் கொலை செய்யவேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பியிருப்பார்களா என்ன? ‘நான் ஒரு அடிதானே’ என்று நான் நினைத்த மாதிரிதான் பலரும் நினைத்திருப்பார்கள். செத்துப்போகிறவனுக்கு யாருடைய ஒரு அடி எது என்றா தெரியப்போகிறது?

“திருட்டுக் கொடுத்துப் பார்த்தால்தான் சார் தெரியும் வலி” என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. நியாயம்தான். ஒரு ஆட்டுக்குட்டி என்பது அந்தப் பாட்டிக்கு வங்கி டெபாசிட் மாதிரி. பேத்தியின் பள்ளிக்கூடச் செலவோ, ஆஸ்பத்திரிச் செலவோ அதன் கழுத்துக் கயிற்றில்தான் கட்டியிருக்கும். அவளுக்குக் கோபம் வந்தால் அது அவள் சம்பாதித்த கோபம். ஆனால் பாருங்கள், அவள் அடிக்கவில்லை. அடித்தவன் நான். என் ஆடு எதுவும் காணாமல் போகவில்லை!

சட்டம்கூட நம்மை ஹீரோவாக இருக்கவேண்டாம் என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 40-வது பிரிவு, கண்ணெதிரே நடக்கும் கடுமையான குற்றங்களில், அதாவது ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத, போலீஸ் வாரன்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றங்களில், சாதாரண மனிதரே ஆளைப் பிடிக்கலாம் என்கிறது. பிடித்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்கவேண்டும். அவ்வளவுதான். பிடிப்பதற்கும் ஒப்படைப்பதற்கும் நடுவில் ‘நாலு சாத்து சாத்தலாம்’ என்று ஒரு வரியும் இல்லை.

பேட்மேனும் இதைப் படித்துத்தான் தேறினார். 1939-ல் வந்த அவருடைய முதல் கதையிலேயே, அவர் விட்ட குத்தில் ஒரு வில்லன் அமிலத் தொட்டிக்குள் விழுந்து சாகிறான். ‘இவனுக்கு இதுதான் சரி’ என்கிற ரீதியில் பேசிவிட்டுப் போகிறார் நம் ஹீரோ. அடுத்த வருடம், 1940-ல், ராபின் வருகிறான். ஹீரோ தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தால் நன்றாக இல்லை, பக்கத்தில் பேச ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான் கதாசிரியர் பில் ஃபிங்கர் அந்தப் பையனைக் கொண்டுவந்தார். அந்தக் காலகட்டத்தில்தான் பேட்மேன் இனி யாரையும் கொல்லக்கூடாது என்று ஆசிரியர் குழுவும் விதி போட்டது. கதைகளின் இருட்டு குறைந்தது. 1966-ல் அது டி.வி. தொடராக வந்தபோது, குத்து விழுகிற நேரத்தில் திரை முழுக்க ‘டமால்’, ‘டுமீல்’ பாணியில் எழுத்துகள் பூவாய்ச் சிதறின. திருடர்கள் கலர் கலராக வந்தார்கள். ரத்தம் மட்டும் வரவில்லை.

குழந்தைத்தனம் என்று நாம் சிரிக்கிறோம். எனக்கு இப்போது அப்படித் தோன்றவில்லை. பக்கத்தில் ஒரு பையன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் முன்னால் எதைச் செய்ய முடியுமோ, அதை மட்டும் செய்வது என்று ஒரு ஹீரோ தன் கையைக் கட்டிக்கொள்கிறார். கயிறு எடுத்துக் கொடுப்பது ராபினின் சின்ன வேலை. பார்த்துக்கொண்டிருப்பதுதான் பெரிய வேலை. தனியாக இருந்த மாயாவி கெட்டதற்கும், துணையோடு இருந்த பேட்மேன் தேறியதற்கும் எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

கிளம்பும் முன் நெடுஞ்சாலையில் வண்டிக்கருப்பணசாமி கோயிலில் நின்றோம். லாரிக்காரர்கள் வண்டியை ஓரம்கட்டிச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார்கள். ராத்திரியெல்லாம் காவல் போகிற சாமி கருப்பு என்பது நம் பக்கத்து நம்பிக்கை. நம் ஊர் சூப்பர் ஹீரோ என்றே வைத்துக்கொள்ளுங்களேன்.

“இவருக்கு ராபின் யாரு மாமா?”

“கருப்பு கூடவே நாய் வரும்னு சொல்வாங்கடா.”

கொஞ்ச நேரம் யோசித்தான். “இவரு ஏன் மாமா மாஸ்க் போடல?”

பதில் சொல்லத் தெரியவில்லை. உங்கள் ஊர்க் கருப்பையும் நினைத்துப் பாருங்கள். முறுக்கிய மீசை, உருட்டி விழித்த கண். கையில் அரிவாள் வைத்திருக்கிற காவல்காரர் முகத்தை மறைக்கவே இல்லை. ‘இந்தக் கை என்னுடையதுதான்’ என்று சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

பஸ்ஸில் ஏறியதும் பையனிடம் சொன்னேன். “நானும் அடிச்சேன்டா. தப்புதான்.”

அவன் ஒன்றும் பேசவில்லை. மீதமிருந்த பன்னில் பாதியைப் பிய்த்து நீட்டினான்.

அடுத்த முறை ஏதாவது ஒரு கூட்டத்துக்குள் உங்கள் கை நீளும்போது, ஒரு விநாடி மணிக்கட்டைப் பாருங்கள். அது யாருடைய வாட்ச் என்று பக்கத்தில் ஒரு பையனுக்குத் தெரியும்.