அறிந்தவன் வாங்கும் விலை

பொருளை விற்கிறவருக்கு அதன் மதிப்பு தெரியவில்லை. வாங்க வந்தவனுக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லியாக வேண்டுமா? கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் போய்விடலாமா? டெக்சாஸில் பழைய பெடல் ஸ்டீல் கிட்டார்களை வாங்கிப் பழுதுபார்த்து விற்பது என் பிழைப்பு. தூத்துக்குடியில் கப்பல் இயந்திரங்களோடு பழகிய கை, இங்கே வந்து இந்த வேலையில் நிலைத்துவிட்டது. ஆகவே மேலே உள்ள கேள்விக்கு நான் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலில் கருவியைப் பற்றிச் சொல்கிறேன். மடியில் கிடத்தி வாசிக்கும் ஹவாயன் கிட்டாரை நம்மில் பலர் பார்த்திருப்போம். அதற்குக் கால் முளைத்து இயந்திரமும் சேர்ந்ததுதான் பெடல் ஸ்டீல். வாசிப்பவர் அதன் முன் உட்கார்ந்துகொள்வார். இடக்கையில் எஃகு உருளை. வலக்கை மீட்டும். இடது கால் பெடல்களை மிதிக்கும். வலது கால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும். இரண்டு முழங்கால்களும் அடியில் தொங்கும் நெம்புகோல்களைத் தள்ளும். பெடலை மிதித்தால், ஒலித்துக்கொண்டிருக்கும் தந்தியின் சுருதி அப்படியே ஏறும். 'ஈ9' சுருதியில் முதல் பெடல் பி-யை சி ஷார்ப்புக்கு ஏற்றும். இரண்டாவது ஜி ஷார்ப்பை ஏ-க்கு ஏற்றும். 1954-இல் வெளிவந்த வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் பட் ஐசக்ஸ் இப்படி மிதித்து வாசித்ததைக் கேட்ட பிறகு, கன்ட்ரி இசையின் ஸ்டீல் கலைஞர்கள் பலர் தங்கள் கருவியில் பெடல் மாட்ட ஓடினார்கள். ஷாட் ஜாக்சனும் பட்டி எம்மன்ஸும் நாஷ்வில்லில் 'ஷோ-பட்' கருவிகளைச் செய்தார்கள். பிறகு எம்மன்ஸ் பிரிந்து தன் பெயரிலேயே இன்னொரு வகையைக் கொண்டுவந்தார். இரண்டையும் இன்றைக்கும் ஆட்கள் தேடி அலைகிறார்கள்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. மேலே இருந்து பார்த்தால் தந்தியும் மரமும்தான் தெரியும். தண்டுகள், நெம்புகள், திருகுகள் என்று விலையைத் தீர்மானிக்கிற அத்தனையும் அடிப்பக்கத்தில் இருக்கின்றன. புரட்டிப் போட்டுப் பார்க்கத் தெரிந்தவனுக்கே அது என்னவென்று விளங்கும். கணவர் ஐம்பது வருடம் வாசித்த கருவியை மனைவி ஒருமுறைகூடப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார்.

டாலஸுக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில் அப்படி ஓர் அம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுக்க அவருடைய பேரனும் நானும் சேர்ந்து குனிய வேண்டியிருந்தது. இரட்டைக் கழுத்துக் கருவி பெட்டியோடு சேர்ந்து முப்பது கிலோ வரை கனக்கும். மூடியைத் திறந்தால் கறுப்பு நிற எம்மன்ஸ், பழைய 'புஷ்-புல்' வகை. சுருதி ஏற இழுக்கும், இறங்கத் தள்ளும். அதனால் அந்தப் பெயர். கால்களையும் பெடல்களையும் மாட்டி மிதித்துப் பார்த்தேன். பாதி வழியில் சிக்கி, மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. "அவர் இருக்கும்போதே கெட்டுப்போய்விட்டது. அறுநூறு டாலர் கொடுங்கள், போதும்" என்றார் அந்த அம்மா.

புரட்டிப் போட்டேன். தண்டுகள் நேராக இருந்தன. ஒரு பாகமும் உடையவில்லை. தந்திகள் வந்து அமர்கிற 'சேஞ்சர்' விரல்களுக்கு இடையில் பழைய எண்ணெய் பழுப்பாக இறுகிப் பிசினாகியிருந்தது. ஓடவேண்டும் என்று அவர் கணவர் அன்போடு விட்ட எண்ணெய்தான் காலப்போக்கில் கருவியைப் பிடித்துக்கொண்டது. சிகரெட் லைட்டருக்கு ஊற்றும் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, பெடலை மிதித்துக்கொண்டே இருந்தால் அது கரைந்து ஓடிவிடும். பிறகு அந்தக் கருவி மூவாயிரம் டாலருக்குக் குறையாமல் போகும்.

அதை அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் முகத்தில் சந்தேகம்தான் வந்தது. வாங்க வந்தவன் விலையை ஏற்றிப் பேசினால் யாருக்கும் சந்தேகம் வரும், வருவது நியாயம். நான் சொன்ன தொகையைத் தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். வேறு இரண்டு பேரிடம் விசாரித்தார். கடைசியில் இரண்டாயிரத்து அறுநூறுக்கு எனக்கே கொடுத்தார். மீதி நானூறு என் வேலைக்கும், விற்காமல் கிடந்தால் வரும் நட்டத்துக்கும்.

நான் சிறுவயதில் மறைக்கல்வி படித்தவன். புனித அகுஸ்தினார் திரித்துவம் பற்றி எழுதிய நூலின் 13-ஆம் புத்தகத்தில், தனக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். ஒருவன் அந்த மனிதரிடம் ஒரு கையெழுத்துச் சுவடியை விற்க வந்தான்; அதன் மதிப்பு தெரியாமல் குறைவாகக் கேட்டான்; இவரோ விற்பவன் எதிர்பாராத நியாயவிலையைக் கொடுத்தார். மலிவாக வாங்கி அதிகமாக விற்பதுதான் எல்லார் ஆசையும் என்று பேசுகிற இடத்தில், இல்லை, அப்படி ஆசைப்படாதவர்களும் இருக்கிறார்கள் என்று காட்ட அகுஸ்தினார் எடுத்த சாட்சி அது. அவர் அதைப் பெரிய தியாகமாகச் சொல்லவில்லை. மனிதனால் முடிகிற சாதாரணக் காரியமாகச் சொல்கிறார். எனக்குப் பிடித்தது அதுதான்.

புனித தாமஸ் அக்குவினாஸ் இன்னும் கறாரானவர். 'சும்மா தியோலஜியே' நூலின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பிரிவில் 77-ஆம் வினா முழுக்க முழுக்க வாங்கல் விற்றலைப் பற்றியது. பித்தளை என்று நினைத்துப் பொன்னை விற்கிறவனிடம், தெரிந்தே வாங்குகிறவன் அநியாயமாக வாங்குகிறான். அவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்கிறார். கெட்டுப்போனது என்று நினைத்து அந்த அம்மா விற்க வந்தாரே, அது இதேதான். அறுநூறுக்கு வாங்கியிருந்தால், அக்குவினாஸ் கணக்கில், அந்தப் பணம் என் பையில் இருக்கும் வரை அது அவருடைய பணம்.

ஆனால் அதே வினாவில் அக்குவினாஸ் இன்னொரு வணிகனுக்கு விலக்குக் கொடுக்கிறார். தானியம் விலையேறிக் கிடக்கும் ஊருக்கு அவன் முதலில் வந்து சேர்கிறான். பின்னால் வேறு வணிகர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது அவனுக்குத் தெரியும். அவன் அதைச் சொல்லாமல் அன்றைய விலைக்கு விற்றால் நீதிக்கு மாறில்லை. சொன்னால் அது இன்னும் உயர்ந்த நற்குணம் என்கிறார். அவருக்கு முன்பே ரோமானியச் சிந்தனையாளர் சிசரோ இதே கதையை ரோட்ஸ் தீவில் வைத்துப் பேசியிருக்கிறார். பாபிலோனிய டயோஜனிஸ் சொல்ல வேண்டியதில்லை என்கிறார்; அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் சொல்லியே ஆகவேண்டும் என்கிறார். சிசரோ மாணவர் பக்கம் நின்றார். அமெரிக்க உச்ச நீதிமன்றமோ 1817-இல் ஆசிரியர் பக்கம் போனது. பிரிட்டனோடு சமாதானமாகிவிட்ட செய்தியை முந்திக்கொண்டு அறிந்த ஒருவர், 1815-இல் நியூ ஆர்லியன்ஸில் 111 பீப்பாய் புகையிலையை வாங்கினார். செய்தி பரவியதும் விலை முப்பது முதல் ஐம்பது சதவீதம் ஏறியது. அப்படிப்பட்ட வெளிச் செய்தியை வாங்குபவன் சொல்லக் கடமைப்பட்டவன் அல்லன் என்றார் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல்.

எனக்கு இப்படிப்பட்ட செய்தியும் கிட்டாரின் நிலையும் வேறு வேறாகவே தெரிகின்றன. கப்பல் வருகிறது, போர் முடிந்தது என்பதெல்லாம் பொருளுக்கு வெளியே நடப்பவை, நாளைக்கு மாறிவிடும். செய்தியைத் தேடி ஓடியவனுக்கு அதில் ஏதோ உரிமை இருக்கலாம். எம்மன்ஸின் அடிப்பக்கத்தில் ஒன்றும் உடையவில்லை என்பது அந்தப் பொருளிலேயே இருக்கிற உண்மை. பொருள் அந்த அம்மாவுடையது என்றால், அந்த உண்மையும் அவருடையதுதான். நான் வெறுமனே அதைப் படிக்கத் தெரிந்தவன்.

என்னைப் போலத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை. "இருபது வருடம் கையைக் கிழித்துக்கொண்டு கற்றது. அதற்குக் கூலி வேண்டாமா?" என்று கேட்கிறார். கட்டாயம் வேண்டும். வேலை செய்தால் கூலி. ஏற்றி இறக்கினால் கூலி. மதிப்புச் சொன்னதற்கே கூலி கேட்டாலும் தப்பில்லை. அதையெல்லாம் விற்பவரின் முகத்துக்கு நேரே கேட்டுவிட முடியும். முகத்துக்கு நேரே கேட்க முடியாத கூலி எதுவோ, அதில்தான் எனக்குச் சந்தேகம். யூத மரபில் சிமியோன் பென் ஷெத்தாக் என்ற குருவுக்காக அவருடைய சீடர்கள் ஒரு கழுதையை வாங்கிவந்தார்கள். அதன் கழுத்தில் ஒரு விலையுயர்ந்த கல் தொங்கியது. இனி நீங்கள் உழைக்கவே வேண்டாம் என்று மகிழ்ந்தார்கள். நான் வாங்கியது கழுதை, கல்லை வாங்கவில்லை என்று சொல்லி, அதை உடையவனுக்கே திருப்பி அனுப்பினார் குரு. அறத்தைத் தராசில் நிறுத்திப் பார்க்கிற திருவள்ளுவரும் நடுவுநிலைமை அதிகாரத்தின் கடைசிக் குறளில் வணிகரைத்தான் அழைக்கிறார்: பிறர் பொருளையும் தன் பொருள்போல் பேணுவதுதான் வாணிகம் என்கிறார். மற்றவரின் கிட்டாரைத் தன்னுடையது போல் பார்ப்பதென்றால், அதன் உண்மையான விலையைத் தெரிந்துகொள்ள நான் எவ்வளவு விரும்புவேனோ அவ்வளவு அவரும் விரும்புவார் என்று எண்ணுவதுதானே?

விலையைச் சொல்லிவிட்டால் தாராள மனசுக்கு இடமில்லாமல் போகும் என்பாரும் உண்டு. நான் பார்த்தது வேறு. கை நடுக்கம் வந்த ஒரு வயதான கலைஞர், தன் ஷோ-பட்டை ஃப்ளோரிடாவிலிருந்து வந்த இளைஞனுக்குப் பாதி விலைக்கும் குறைவாகக் கொடுத்தார். அந்தப் பையன் ஹவுஸ் ஆஃப் காட் சபையைச் சேர்ந்தவன். அந்தச் சபைகளின் ஆராதனையில் ஆர்கன் இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டீல் கிட்டார் இருக்கிறது. கலைஞருக்குத் தன் கருவியின் விலை ஒரு டாலர் பிசகாமல் தெரியும். தெரிந்துதான் குறைத்தார். தெரிந்து குறைத்ததால் அது கொடை. தெரியாமல் குறைத்திருந்தால் அது வெறும் இழப்பு. வாங்கியவன் எவ்வளவு பக்தியோடு வாசித்தாலும் அது கொடையாகிவிடாது. கொடுப்பவருக்குக் கொடுக்கிற பெருமையாவது மிஞ்ச வேண்டும் என்றால், முதலில் விலையைச் சொல்லியாக வேண்டும்.

விற்கும்போது என் கடமை இதைவிட எளிது. அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்புவேன். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்அப்பில் கம்பி மறுபடி சுற்றப்பட்டதா, எந்தப் பாகம் அசல் இல்லை, பெடலை மிதிக்கும்போது மற்றத் தந்திகளின் சுருதி எவ்வளவு இறங்குகிறது, சேஞ்சரில் தந்தி பதிந்த பள்ளம் எவ்வளவு ஆழம் என்று எல்லாவற்றையும் எழுதிவிடுவேன். வாங்க வந்தவன் அந்த மாதிரிக்காக ஏங்குகிறான் என்பதற்காக விலையை ஏற்றுவதில்லை. அக்குவினாஸ் இதிலும் நுட்பமானவர். பொருளைப் பிரிவதால் விற்பவருக்கு இழப்பு என்றால் அவர் கூடுதலாகக் கேட்கலாம். வாங்குபவனின் தேவை பெரிது என்பதற்காகக் கேட்கக்கூடாது, அந்தத் தேவை விற்பவரின் உடைமை இல்லை என்கிறார். அந்த அம்மா தன் கணவரின் நினைவுக்காக இருநூறு கூட்டிக் கேட்டிருந்தால் மறுபேச்சில்லாமல் கொடுத்திருப்பேன்.

வாங்கும் எண்ணமே இல்லாமல் போய் விலை கேட்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நல்ல கருவி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றால் சும்மா ஒருமுறை வாசித்துப் பார்க்க அந்த வீட்டுக்குப் போகிறவர்கள் இங்கே நிறைய. வாங்கும் எண்ணமில்லாதவன் விலை கேட்கக்கூடாது என்று யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா தடுக்கிறது. பணத்தில் ஏமாற்றுவது போலவே பேச்சாலும் ஒருவரை வருத்தலாம் என்பது அதன் கணக்கு. துக்க வீட்டில் நம்பிக்கையைக் கிளப்பிவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று போவது எனக்கும் கொடுமையாகவே படுகிறது.

உங்கள் வீட்டிலும் வாசித்தவர் போய்விட்டு வாத்தியம் மட்டும் இருக்கலாம். வீணையோ, வயலினோ, ஹார்மோனியமோ எதுவானாலும் முதலில் வந்து கேட்கிறவரிடம் விலை சொல்லிவிடாதீர்கள். அந்தக் கருவியைத் தெரிந்த, ஆனால் அதை வாங்கப்போகாத ஒருவரிடம் காட்டி, அவர் சொல்லும் தொகையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு அந்த விலைக்கு விற்பதோ, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்குச் சும்மா கொடுப்பதோ உங்கள் விருப்பம்.