கடற்கரைக்குப் போவது புண்ணியக் கணக்கில் சேருமா?

பாலராமபுரத்தில் நின்றால் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் பார்க்க நிறைய இருக்கிறது. மேற்கே கோவளமும் விழிஞ்ஞமும். தெற்கே நெய்யாறு கடலில் சேரும் பூவாறு. நெய்யாற்றின் கரையோடு மேலே போனால் பாறைகளுக்கிடையே தண்ணீர் இறங்கும் அருவிப்புறம், அதற்கும் அப்பால் அணை, காடு, அகத்தியர்கூட மலை. அந்த மலை ஏற மட்டும் ஒரு நாள் போதாது. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிக் கிளம்புகிறவரை நம் வீடுகளில் யாரும் தடுப்பதில்லை. கடலைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால்தான் வேறு வேலை இல்லையா என்ற கேள்வி வருகிறது. யாத்திரை புண்ணியம், சுற்றுலா பொழுதுபோக்கு என்ற தரவரிசை அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த வரிசை தவறு என்பது என் எண்ணம். மலையும் ஆறும் தரும் இன்பத்தில் குற்றம் ஏதுமில்லை. அந்த இன்பத்தை யாருக்கு மறுக்கிறோம் என்பதில்தான் குற்றம் தொடங்குகிறது.

எதிர்வாதம் பழையது, பலமானது. புலன்களுக்குப் பிடித்ததைத் தேடி அலைகிறவன் தன்னைத் தொலைக்கிறான் என்று எல்லா மதங்களிலும் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருக்கிறது. பெட்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர் 1336இல் தெற்கு பிரான்சின் வென்தூ மலை உச்சிக்கு ஏறினார். அங்கே கையிலிருந்த புனித அகஸ்டினின் நூலைப் பிரித்தவர், ஆன்மாவை விட்டுவிட்டு மலையை வியந்துகொண்டிருக்கிறோமே என்று தன்மேலேயே கோபம்கொண்டு இறங்கியதாக எழுதியிருக்கிறார். நம் பக்கத்து அத்வைதியைக் கேட்டால் இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவார்: ஆனந்தம் உள்ளே இருக்கிறது, அதற்குக் கடற்கரை எதற்கு? இதற்கு நூலிலிருந்து பதில் தேடுவதைவிட இந்த வட்டாரத்தின் பெரிய அத்வைதி எங்கெங்கே இருந்தார் என்று பார்ப்பது நல்லது. ஸ்ரீநாராயண குரு தவம் செய்யப் போன இடம் குமரி மாவட்டத்து மருத்துவாழ்மலைக் குகை. பிறகு வந்தது அருவிப்புறம். அங்கே ஆறும், பக்கத்தில் கொடிதூக்கி மலையும் உண்டு. கடைசிவரை அவருக்கு இருப்பிடமான சிவகிரி, வர்க்கலையின் குன்று. 1913இல் அத்வைத ஆசிரமம் அமைத்தது ஆலுவாயில், பெரியாற்றங்கரையில். உள்ளே இருக்கும் ஆனந்தத்துக்கு வெளியிடம் பொருட்டே இல்லையென்றால் நெய்யாற்றின்கரைச் சந்தை முக்கில் உட்கார்ந்திருக்கலாம். அவர் உட்காரவில்லை. மலையும் தண்ணீரும் மனத்தைச் சிதறடிக்கும் என்று அவர் நினைத்ததற்கு அடையாளம் எதுவும் தெரியவில்லை.

அருவிப்புறத்தில் நடந்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். 1888, சிவராத்திரி இரவு. குரு ஆற்றில் இறங்கினார். சங்கரன் குழி என்று ஊரார் சொல்லும் ஆழத்தில் மூழ்கி ஒரு கல்லை எடுத்துவந்து, நெஞ்சோடு அணைத்தபடி நெடுநேரம் நின்று, கரைப்பாறை ஒன்றின்மேல் சிவனாக வைத்தார். ஈழவர் முதலான சாதிகள் கோயில் வாசலை நெருங்கமுடியாத காலம் அது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வர இன்னும் 48 ஆண்டுகள் இருந்தன. கோயிலுக்குக் கதவு இருந்தது, சாவி இருந்தது, சாவியை வைத்திருந்தவர்களும் இருந்தார்கள். அந்தக் குழிக்கு அப்படி எதுவும் இல்லை. யாருக்கும் பட்டா இல்லாத இடத்திலிருந்து எடுத்த கல் என்பதால்தான் அந்தச் சிவனை யார் வேண்டுமானாலும் தொட முடிந்தது. ஆறு பொது என்பதை ஒரு சமயக் கொள்கையாகவே அந்த இரவு மாற்றியது என்று நான் வாசிக்கிறேன்.

ஆனால் ஆறு பொதுவாக இருந்தால் போதாது, ஆற்றுக்குப் போகும் வழியும் பொதுவாக இருக்க வேண்டும். இங்கேதான் பாலராமபுரம் வருகிறது. தமிழ்ப் பகுதியிலிருந்து குடியேற்றப்பட்ட சாலியர்களின் நெசவால் பெயர்பெற்ற ஊர் இது. தெருவில் நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, தூரிகையால் இழை இழையாக நீவிவிடுவார்கள். அந்த வேலைக்குத் தெருதான் பட்டறை. 1898இல், பொதுவழி மறுக்கப்பட்ட சாதியினரின் தலைவரான வெங்ஙானூர் அய்யன்காளி, பொதுவழியில் நடக்கும் உரிமைக்காகத் தம் ஆட்களோடு வந்தபோது இந்தச் சாலியர் தெருவில்தான் கைகலப்பு மூண்டது. வெங்ஙானூரிலிருந்து விழிஞ்ஞம் கடல் கூப்பிடு தூரம். அருகில் பிறந்தவனுக்கே வழி இல்லாதபோது அந்தக் கடலின் அழகைப் பற்றிப் பேசியவர்கள் எதைப் பார்த்துப் பேசினார்கள்? இன்று கோவளத்து மணலில் குடும்பத்தோடு உட்கார்ந்து சுண்டல் தின்னும் உரிமையை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனம் வராததும் இதனால்தான்.

யாத்திரையில் கட்டுப்பாடு உண்டு, உல்லாசத்தில் இல்லையே என்பார்கள். இதில் பாதி உண்மை. 1928இல் கோட்டயம் நாகம்படத்தில் சிவகிரி யாத்திரைக்கு அனுமதி கேட்டபோது, எதற்காக என்று குரு கேட்டார். பிறகு கல்வி, சுத்தம், பக்தி, அமைப்பு, விவசாயம், வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என எட்டு நோக்கங்களைச் சொன்னார். ஆடம்பரச் செலவு கூடாது என்றும் சொன்னார். எட்டில் பக்தி ஒன்று மட்டும்தான். பயணம் என்பது ஊரையும் உழைப்பையும் பார்த்துவருவது என்றால், பாவு நீவுகிற தெருவையும் கரமடி வலை இழுக்கிற பூவாறு கரையையும் பார்ப்பது அந்தப் பட்டியலுக்கு வெளியே போய்விடாது. பார்த்துவிட்டுப் பிளாஸ்டிக் பாட்டிலை ஆற்றில் வீசுகிறவன் மட்டும் வெளியே போகிறான், சுத்தம் அந்தப் பட்டியலில் இருப்பதால்.

இதைவிடக் கடினமான கேள்வி அகத்தியர்கூடத்தில் இருக்கிறது. 1,868 மீட்டர் உயரமுள்ள அந்த மலைக்குப் பெண்கள் ஏற இருந்த தடை 2018இல் கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பால் நீங்கி, 2019 ஜனவரியில் பெண்கள் ஏறினார்கள். எதிர்த்தவர்கள் அதிகாரம் உள்ள மேல்சாதியினர் அல்லர், தங்கள் தெய்வ இடம் என்று மலையைக் காக்கும் காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர். விலக்கக் கூடாது என்ற விதியை இவர்களிடமும் நீட்டுவது நியாயமா? எனக்கு இதில் முழு நிம்மதி இல்லை. இருந்தாலும் ஒன்றைப் பிரித்துச் சொல்லலாம். இத்தனை பேர்தான் ஏறலாம், இன்ன மாதத்தில்தான் ஏறலாம், பூசையிடத்தைத் தொடக் கூடாது என்பவை எல்லோர்மேலும் ஒன்றுபோல் விழும் வரம்புகள். அவற்றை வகுப்பதில் காணிக்காரர்களின் சொல்லே முதலில் நிற்க வேண்டும். ஒருவரின் பிறப்பைப் பார்த்து, உடலைப் பார்த்து மூடும் கதவு வேறு வகை. அந்தக் கதவை இந்த மண் அருவிப்புறத்திலேயே மறுத்துவிட்டது. விழிஞ்ஞத்தில் துறைமுகத்தால் கரை அரிக்கிறது என்று 2022இல் மீனவர்கள் போராடியதையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன். வந்துபோகிறவனின் கடலைவிட அங்கே வாழ்கிறவனின் கடலுக்கு உரிமை அதிகம்.

ஆகவே அருவிப்புறம் போகிறவர்கள் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஆற்றில் இறங்கினாலும் சரி, ஆற்றோடு திரும்பி வந்தாலும் சரி, வீட்டில் பொய் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மட்டும் இறங்க வேண்டாம். மேலே அணையில் மதகைத் திறந்தால் பாறைகளுக்கிடையே தண்ணீர் சட்டென்று ஏறிவிடும்.